அப்பாவுக்கு சிஇஏ 2.4-லிருந்து 5.8 ஆகிவிட்டது, ஸ்கேனுக்கு வர மாட்டேன் என்கிறார்

தொண்ணூறடி ரோடு | திங்கள், இரவு 11:20

எல்லாருக்கும் வணக்கம். ஒரு வருடமாக இந்தக் குழுவைப் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன், இன்றுதான் எழுதுகிறேன்.

அப்பாவுக்கு 61 வயது. தாராவியில் தோல் பை தைக்கும் பட்டறையில் முப்பது வருட வேலை. ரத்தம் போனபோது மூலம் என்று சொல்லி ஏழு மாதம் களிம்பு தடவ வைத்தார் பக்கத்து டாக்டர். விரல் விட்டுக்கூடப் பார்க்கவில்லை. இப்போது அதைப் பேசி என்ன ஆகப்போகிறது. மலக்குடலில் புற்றுநோய், மூன்றாம் கட்டம். பரேல் டாட்டா ஆஸ்பத்திரியில் 25 தடவை ரேடியேஷன், கூடவே கேப்சிடபின் மாத்திரை, பிறகு ஆபரேஷன், வயிற்றில் தற்காலிகப் பை, கீமோ, கடைசியாகப் பையை எடுத்துக் குடலைச் சேர்த்தது என்று ஒவ்வொன்றாக முடிந்தது. ஆபரேஷன் நடந்து 20 மாதம் ஆகிறது.

சிஇஏ, அதாவது குடல் புற்றுநோயைக் கண்காணிக்க ரத்தத்தில் பார்க்கும் அளவு, ஆபரேஷனுக்கு முன் 14. அதற்குப் பிறகு 1.9, 2.1, 2.4. போன வாரம் 5.8. டாக்டர் மார்பு, வயிறு, இடுப்பு மூன்றுக்கும் சிடி ஸ்கேன் எடுத்து வரச் சொல்லியிருக்கிறார். அப்பா அசையவே இல்லை. “பங்குனி உத்திரத்துக்குச் சாஸ்தா கோயிலுக்குப் போய்விட்டு வந்து பார்த்துக்கொள்ளலாம்” என்கிறார். உத்திரத்துக்கு இன்னும் மூன்று வாரம். பயப்படுகிறார் என்று நினைக்கிறேன். எனக்கும் பயம்தான்.

5.8 என்றால் திரும்பி வந்துவிட்டது என்று அர்த்தமா? மூன்று வாரம் தள்ளினால் ஏதாவது ஆகுமா? நேராக, உடம்பு முழுக்கத் தேடும் பெட் ஸ்கேனே எடுத்துவிடலாமா?

ஓய்வுபெற்ற சிஸ்டர், சயான் | செவ்வாய், காலை 6:05

முதலில் ஒன்று கேட்கிறேன் மகளே. பழைய மூன்றும் எந்த லேபில் எடுத்தது, இந்த 5.8 எந்த லேபில் எடுத்தது? ஒவ்வொரு லேபிலும் கிட் வேறு, மெஷின் வேறு. ஒரே ரத்தத்தை இரண்டு இடத்தில் கொடுத்தால் இரண்டு எண் வரும். எப்போதும் ஒரே இடத்தில் எடுக்க வேண்டும்.

அப்பா பீடி பிடிப்பாரா? பிடிப்பவர்களுக்கு 5 வரைகூட சாதாரணம்தான். மஞ்சள் காமாலை, ஈரல் கோளாறு, நுரையீரலில் சளி, குடலில் அழற்சி, இவற்றாலும் கொஞ்சம் ஏறும். கீமோ நடக்கும்போது ஏறி இறங்குவதையும் பார்த்திருக்கிறேன். அவருக்குக் கீமோ முடிந்து நாளாகிவிட்டது, அதனால் அந்தக் காரணம் இல்லை.

தொண்ணூறடி ரோடு | செவ்வாய், காலை 8:40

சிஸ்டர், பிடித்துவிட்டீர்கள். பழைய மூன்றும் ஆஸ்பத்திரி லேப். இது வீட்டுக்கே வந்து எடுத்துப்போகும் லேப், அப்பா வெளியே வரமாட்டேன் என்றதால். பீடியை ஆபரேஷனுக்கு முன்பே விட்டுவிட்டார். பட்டறையில் மற்றவர்கள் விடும் புகை கணக்கில் வருமா தெரியவில்லை.

தையல்காரன் | செவ்வாய், பிற்பகல் 2:15

என் தொழில் அறுவை சிகிச்சை. உங்கள் அப்பாவை நான் பார்க்கவில்லை, ஆகவே இதைப் பொதுப் பேச்சாக மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

சிஇஏ 1965-இல் மாண்ட்ரியலில் ஃபில் கோல்ட், சாமுவேல் ஃப்ரீட்மன் என்ற இருவர் குடல் கட்டியில் கண்டுபிடித்த புரதம். கருவிலிருக்கும் குழந்தையின் குடலில் நிறைய இருக்கும், பிறந்தபின் அடங்கிவிடும். குடல் புற்றுநோய் வந்த எல்லாருக்கும் இது ஏறாது. ஏறாதவர்களுக்கு இது பெரிய துப்புக் கொடுக்காது. உங்கள் அப்பாவுக்கு முதலில் 14 இருந்து, கட்டியை எடுத்ததும் 1.9-க்கு இறங்கியிருக்கிறது. அப்படிப்பட்டவருக்கு மீண்டும் ஏறினால் அலட்சியம் செய்யக் கூடாது. அதே சமயம் ஒற்றை எண்ணை வைத்து வந்துவிட்டது என்றும் சொல்ல முடியாது. பழைய லேபிலேயே இன்னொரு முறை எடுங்கள். அங்கும் ஏறியிருந்தால் சிடி கட்டாயம்.

ஏன் இப்படித் துரத்துகிறோம் என்றால், திரும்பி வருபவர்களில் ஏறத்தாழ 80 சதவீதம் பேருக்கு முதல் மூன்று வருடத்துக்குள் வந்துவிடுகிறது. அதனால்தான் முதல் இரண்டு வருடம் 3 முதல் 6 மாதத்துக்கு ஒரு தடவை பரிசோதனையும் சிஇஏவும், அப்புறம் ஐந்து வருடம் முடியும்வரை 6 மாதத்துக்கு ஒரு தடவை. சிடி 6 முதல் 12 மாதத்துக்கு ஒன்று. குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோபி, ஆபரேஷன் முடிந்து ஒரு வருடத்தில் ஒன்று, அது சுத்தமாக இருந்தால் அடுத்தது மூன்று வருடம் கழித்து. ஆஸ்பத்திரிக்கு ஆஸ்பத்திரி கொஞ்சம் மாறும்.

சிடியில் மார்பை ஏன் சேர்க்கிறார்கள் என்று நிறையப் பேர் கேட்கிறார்கள், குடலில் வந்த நோய்க்கு நெஞ்சில் என்ன வேலை என்று. பெருங்குடலின் ரத்தம் நேராக ஈரலுக்குப் போகிறது, அதனால் பெருங்குடல் கட்டி பெரும்பாலும் முதலில் ஈரலில்தான் முளைக்கும். மலக்குடலின் கீழ்ப்பாகத்துக்கு இன்னொரு வழி இருக்கிறது. அங்குள்ள சிரைகளில் சில ஈரலைத் தொடாமலே இதயத்துக்கும் அங்கிருந்து நுரையீரலுக்கும் போய்விடும். ஆகவே கீழ் மலக்குடல் கட்டிக்கு நுரையீரலையும் சேர்த்துப் பார்த்தே ஆக வேண்டும்.

பெட் ஸ்கேன் முதல் படி இல்லை. சிடியில் ஏதாவது தெரிந்து, அதை வெட்டி எடுக்கலாமா என்று யோசிக்கும்போது அது உதவும். சிஇஏ ஏறியும் சிடியில் ஒன்றும் தெரியாவிட்டாலும் கேட்பார்கள்.

மூன்று வாரத்தில் உலகம் புரண்டுவிடாது. ஆனால் “போய்விட்டு வந்து” என்பதற்கு ஒரு தேதி இருக்க வேண்டும். தேதி இல்லாத “அப்புறம்” மூன்று மாதமாக நீண்டதை நிறையப் பார்த்துவிட்டேன்.

இயற்கைவழி | செவ்வாய், மாலை 5:50

ஸ்கேன் கதிரே புற்றுநோயைக் கிளப்பிவிடும். முள்சீத்தா இலைக் கஷாயம் 48 நாள் கொடுங்கள், கட்டி கரைந்து வெளியே வரும். என் நம்பர் [நெறியாளர்: எண் நீக்கப்பட்டது]

பையோடு பத்து வருடம் | செவ்வாய், மாலை 6:10

வாருங்கள் ஐயா. போன மாதம் கருஞ்சீரகம், இந்த மாதம் முள்சீத்தாவா. என் அறைத்தோழர் ஒருவர் ஆபரேஷனுக்கு நாள் குறித்த பிறகு இப்படி ஒரு கஷாயத்துக்குப் போனார். கரைந்தது அவர் கையிலிருந்த பணம்தான்.

நெறியாளர் | செவ்வாய், மாலை 6:30

சண்டை வேண்டாம். விற்பனைப் பதிவுகள் நீக்கப்படும். ஸ்கேன் கதிர் பற்றிய சந்தேகம் நியாயமானது, அதைத் தனி இழையில் கேளுங்கள்.

பையோடு பத்து வருடம் | செவ்வாய், இரவு 9:45

தொண்ணூறடித் தங்கச்சிக்கு.

எண்களை டாக்டர் பார்த்துக்கொள்வார். எனக்கு உன் அப்பாவின் “வர மாட்டேன்” தான் இடிக்கிறது. ரேடியேஷன், ஆபரேஷன், கீமோ எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு இல்லாமல் போய்வந்த மனிதர் ஒரு சிடிக்கு ஏன் மறுக்கிறார்? ரத்தம் கொடுக்கக்கூட வெளியே வரவில்லை என்று நீயே எழுதியிருக்கிறாய். பட்டறைக்கு ஒழுங்காகப் போகிறாரா? சொந்தக்காரர் கல்யாணத்துக்குப் போனாரா?

எனக்கு மலக்குடலோடு ஆசனவாயையும் எடுத்துவிட்டார்கள், நிரந்தரப் பை. பையைப் பார்த்து எல்லாரும் ஐயோ என்பார்கள். நான் பத்து வருடமாக விரார் ஃபாஸ்ட் லோக்கல் ரயிலில் ஏறி இறங்குகிறேன், எனக்கு அவசரம் என்பதே கிடையாது. பையை மூடிக் குடலைச் சேர்த்தவர்களின் கதை வேறு. மலத்தைத் தேக்கிவைக்கும் இடமே போய்விட்டது, ரேடியேஷனில் மீதி இடமும் விறைத்துவிட்டது. ஒரு மணி நேரத்தில் ஆறு தடவை போவார்கள், அப்புறம் நாள் முழுக்க ஒன்றும் வராது. வருகிறது என்று தெரிந்து கதவைத் தொடுவதற்குள் வந்துவிடும். என்னுடன் ஆபரேஷன் ஆனவர்களில் பாதிப் பேர் இதை மனைவியிடம்கூடச் சொன்னதில்லை.

உன் அப்பாவிடம் நோயைப் பற்றிக் கேட்காதே. கக்கூஸைப் பற்றிக் கேள். நீ கேட்டால் கூச்சப்படுவார், அண்ணன் இருந்தால் அவனைக் கேட்கச் சொல்.

தொண்ணூறடி ரோடு | புதன், இரவு 11:55

அண்ணா, உங்களுக்கு எப்படித் தெரிந்தது.

அண்ணன்தான் கேட்டான். முதலில் எரிந்து விழுந்தாராம். அப்புறம் அரை மணி நேரம் கழித்து அவரே கூப்பிட்டுச் சொல்லியிருக்கிறார். போன செக்கப்புக்குப் போகும்போது சயானில் லோக்கல் ஏறியிருக்கிறார், காலைக் கூட்டம். பரேல் மூன்றாவது ஸ்டேஷன்தான். வண்டி தாதருக்கு முன்னால் சிக்னலில் நின்றுவிட்டது. அங்கேயே ஆகிவிட்டது. அம்மாவுக்குக்கூடத் தெரியாது. ஸ்டேஷன் கக்கூஸில் வேட்டியை அலசிப் பிழிந்து, ஈரத்தோடே வரிசையில் நின்று, டாக்டர் “எப்படி இருக்கிறீர்கள்” என்று கேட்டதற்கு “நன்றாக இருக்கிறேன் சார்” என்று சொல்லிவிட்டு வந்திருக்கிறார்.

பட்டறைக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் போகிறாராம். ஆர்டர் இல்லை என்று எங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தார். கோயிலுக்குப் போவதிலும் பாதி ஆசைதானாம், பாதி சாக்கு. முப்பது மணி நேர ரயிலை நினைத்தால் அதற்கும் பயம்.

நான் ஒரு வருடமாக அவர் மரணத்தை நினைத்துப் பயப்படுகிறார் என்று எண்ணி, அவர் முன்னால் சிரித்துக்கொண்டே திரிந்தேன்.

ஓய்வுபெற்ற சிஸ்டர், சயான் | வியாழன், காலை 5:50

மலக்குடலை வெட்டிச் சேர்த்தபின் வரும் இந்த அவசரத் தொந்தரவுக்கு லார்ஸ் என்று பெயர் மகளே. 2012-இல் டென்மார்க்கில் இதற்கென்றே ஐந்து கேள்வி வைத்து ஒரு மதிப்பெண் அட்டை போட்டார்கள், மொத்தம் 42, முப்பதைத் தொட்டாலே கடுமை. உங்கள் அப்பா சுலபமாகத் தொடுவார். டாக்டர் கேட்காவிட்டால் நீங்கள் வாய் திறந்து சொல்ல வேண்டும். “நன்றாக இருக்கிறேன் சார்” என்ற ஆளுக்கு யாரும் மருந்து எழுத மாட்டார்கள்.

செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. பேதியைக் கட்டுப்படுத்தும் லோபரமைடு மாத்திரையை வெளியே கிளம்புவதற்கு முன் போடுவது பலருக்குக் கைகொடுக்கிறது, எத்தனை என்பதை டாக்டர் சொல்லட்டும். இசப்கோலைக் கொஞ்சத் தண்ணீரில் கெட்டியாகக் கரைத்துக் குடித்தால் துண்டு துண்டாகப் போவது குறையும். ஒரு டம்ளர் நிறையத் தண்ணீரில் குடிப்பது மலச்சிக்கல்காரர்களுக்கு, குழப்பிக்கொள்ள வேண்டாம். வெளியே போகும் நாளில் காலையில் சூடாக மசாலா டீ வேண்டாம், அதுதான் குடலை எழுப்பிவிடும். அடியிடுப்புத் தசைக்குப் பயிற்சி சொல்லித்தர ஃபிசியோ இருக்கிறார்கள். அதற்கும் அடங்காவிட்டால் காலையில் ஆசனவாய் வழியாக வெந்நீர் ஏற்றிக் குடலை ஒரேயடியாகக் காலிசெய்துவிட்டு, மீதி நாள் நிம்மதியாக இருக்கும் முறை ஒன்று உண்டு. அதைச் சொல்லிக்கொடுத்துத்தான் செய்ய வேண்டும்.

இன்னொன்று. லோக்கலில் மாற்றுத்திறனாளி பெட்டியில் புற்றுநோயாளிகளும் ஏறலாம், ஆஸ்பத்திரி சான்று கையில் இருக்கட்டும். கூட்டம் குறைவுதான், ஆனால் அதிலும் கக்கூஸ் கிடையாது. ஸ்கேன் அன்றைக்கு டாக்சியில் போங்கள். வெளியூர் ரயிலில் நோயாளிக்கு ஸ்லீப்பரிலும் மூன்றாம் ஏசியிலும் முழுக் கட்டணச் சலுகை உண்டு, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம். ஆனால் அது சிகிச்சைக்கும் செக்கப்புக்கும் போய்வர மட்டும். சாஸ்தாவைப் பார்க்கப் போக அது செல்லாது!

டோம்பிவிலி ஸ்லோ | வியாழன், பிற்பகல் 3:30

நடுவில் புகுவதற்கு மன்னிக்கவும். என் கணவருக்கு ரேடியேஷனும் கீமோவும் கொடுத்ததிலேயே கட்டி முழுக்கக் கரைந்துவிட்டது. ஆபரேஷன் வேண்டாம், கண்காணித்துக்கொண்டே இருக்கலாம் என்றார்கள். ஒன்றரை வருடமாக மூன்று மாதத்துக்கு ஒரு தடவை விரல் பரிசோதனை, குழாய் விட்டுப் பார்ப்பது, எம்ஆர்ஐ. ஸ்கேனுக்கு முந்தைய வாரம் முழுக்க வீட்டில் யாரும் சத்தமாகப் பேச மாட்டோம். ரிப்போர்ட்டை அவர் திறக்க மாட்டார், நான்தான் திறப்பேன், அதுவும் சமையலறையில் நின்றுகொண்டு.

என் கேள்வி தையல்காரனுக்கு. அடிக்கடி டெஸ்ட் எடுத்தாலும் எடுக்காவிட்டாலும் உயிர் பிழைப்பதில் வித்தியாசம் இல்லை என்று ஐரோப்பாவில் ஒரு ஆராய்ச்சி வந்ததாமே. அப்படியென்றால் எங்களை எதற்கு வதைக்கிறீர்கள்?

தையல்காரன் | வியாழன், இரவு 10:20

நியாயமான கேள்வி. நீங்கள் சொல்வது கோலோஃபால், 2018-இல் வெளியானது. 2,500 பேரை இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பக்கம் மூன்று வருடத்தில் ஐந்து தடவை சிடியும் சிஇஏவும், இன்னொரு பக்கம் 12-ஆம் மாதமும் 36-ஆம் மாதமும் மட்டும். ஐந்து வருட முடிவில் இறப்பில் சொல்லும்படியான வித்தியாசம் இல்லை. அதற்கு முன் 2014-இல் பிரிட்டனில் ஃபேக்ஸ் என்று ஒன்று. அதில் தொடர்ந்து பார்த்தவர்களில் 7 சதவீதம் போலத் திரும்பவும் குணமாக்கும் நோக்கத்தோடு ஆபரேஷன் செய்ய முடிந்தது, சும்மா விட்டவர்களில் 2 சதவீதம் சொச்சம். ஆனால் அங்கும் மொத்த இறப்பில் தெளிவான வித்தியாசம் வரவில்லை.

நான் இதை எப்படி எடுத்துக்கொள்கிறேன் என்றால், மாதாமாதம் ஸ்கேன் எடுப்பதால் யாருக்கும் லாபமில்லை. பயந்துபோய் எல்லாவற்றையும் கூடுதலாக எடுக்கிறவர்களை நானே திட்டி அனுப்புவேன். ஆனால் இவையெல்லாம் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களுக்கு எவ்வளவு அடிக்கடி பார்ப்பது என்ற கேள்வி. சிஇஏ ஏறிய பிறகு பார்க்காமல் இருக்கலாமா என்ற கேள்வி இல்லை.

உங்கள் கணவர் கதை முற்றிலும் வேறு. அந்த வழியைப் பரவலாக்கியவர் பிரேசிலின் ஏஞ்சலிடா ஹப்ர்-காமா. ஆபரேஷன் இல்லாமல் விட்டவர்களில் ஏறத்தாழ நான்கில் ஒருவருக்கு இரண்டு வருடத்துக்குள் அதே இடத்தில் மீண்டும் முளைக்கிறது. அநேகமாக எல்லாமே குடல் சுவரில்தான், அதாவது விரலுக்கும் குழாய்க்கும் எட்டுகிற இடத்தில். சீக்கிரம் பிடித்தால் அப்போது ஆபரேஷன் செய்துகொள்ளலாம். அங்கே கண்காணிப்புத்தான் சிகிச்சை. மூன்று மாதத்தை ஆறு மாதமாக்காதீர்கள் அம்மா. இன்னும் கொஞ்ச நாள்தான்.

தொண்ணூறடி ரோடு | இரண்டாம் வாரம், சனி, இரவு 8:10

பழைய லேபில் எடுத்தோம். 6.3.

சிடிக்கும் போய்வந்தோம். டாக்சி, பகல் 12 மணிக்கு நேரம் கேட்டு வாங்கியது, லோபரமைடு, பையில் மாற்று வேட்டி. அதற்கு முன் சிறுநீரகம் சரியா என்று ரத்தத்தில் கிரியாட்டினின் பார்த்தார்கள், சாயமருந்து ஏற்றும்போது உடம்பு சூடாகும் என்று முன்பே சொல்லிவிட்டதால் அப்பா பயப்படவில்லை. வழியில் ஒரு தடவைகூட டாக்சியை நிறுத்தவில்லை. அதைத்தான் அவர் எல்லாரிடமும் சொல்லிக்கொண்டிருக்கிறார், ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை.

ரிப்போர்ட் வந்துவிட்டது. ஈரல் சுத்தம். இடுப்பில் ஆபரேஷன் செய்த இடத்தில் ரேடியேஷன் தழும்பு, பழையபடியேதான் இருக்கிறது. வலது நுரையீரலின் கீழ்ப்பகுதியில் ஒரே ஒரு முடிச்சு, 11 மில்லிமீட்டர். போன சிடியில் அது இல்லை.

அண்ணனிடம் மட்டும் சொன்னேன். என்ன செய்வார்கள்?

தையல்காரன் | சனி, இரவு 9:30

ஒன்றே ஒன்று, சிறியது, ஓரமாக, மற்ற இடம் சுத்தம். கெட்ட செய்திதான், ஆனால் கெட்ட செய்திகளில் இதைவிட நல்லதை நான் எதிர்பார்த்திருக்க முடியாது. அது புற்றுநோயாகவே இருக்க வேண்டும் என்றும் இல்லை, நம் ஊரில் காசநோய் முடிச்சும் சிடியில் அப்படியே தெரியும். சிஇஏ ஏறியிருப்பதால் சந்தேகம் பலமாக இருக்கிறது, அவ்வளவுதான். இப்போது பெட் ஸ்கேன் கேட்பார்கள், வேறெங்கும் ஒளியவில்லை என்று பார்க்க. பிறகு எல்லா டாக்டர்களும் உட்கார்ந்து பேசி முடிவெடுப்பார்கள். சிறு துளைகள் வழியாக அந்தத் துண்டை மட்டும் வெட்டி எடுப்பது ஒரு வழி, குறிவைத்த ரேடியேஷன் இன்னொரு வழி. கீமோ சேர்ப்பதா என்பது அதற்குப் பிறகு. திரும்பி வந்தவர்களில் எல்லாருக்கும் இந்த வாய்ப்புக் கிடைப்பதில்லை. கிடைத்தவர்களில் பல வருடம் நன்றாக இருப்பவர்கள் உண்டு.

அப்பாவிடம் சொல்லுங்கள். கையெழுத்துப் போடப்போவது அவர்.

பையோடு பத்து வருடம் | சனி, இரவு 9:50

டாக்டர் சொன்னதையே நானும் சொல்கிறேன். வேட்டியை அலசிவிட்டு வரிசையில் நின்றவரால் இதையும் கேட்டுக்கொள்ள முடியும்.

தொண்ணூறடி ரோடு | நான்கு மாதம் கழித்து, ஞாயிறு, மாலை 4:00

இழையை மேலே கொண்டுவருகிறேன். நிறையப் பேர் தனிச்செய்தியில் கேட்டீர்கள்.

பெட் ஸ்கேனில் அந்த ஒரு முடிச்சு மட்டும்தான். டாக்டரிடமே கேட்டு உத்திரத்துக்குப் போய்வந்தோம், மூன்றாம் ஏசியில், கக்கூஸுக்குப் பக்கத்து பெர்த் கேட்டு வாங்கி. எல்லாரும் அந்த பெர்த்தைத் தள்ளிவிடப் பார்ப்பார்கள், நாங்கள் கேட்டதும் டிடிஆர் விநோதமாகப் பார்த்தார். திரும்பி வந்து பத்தாம் நாள் துளை ஆபரேஷன். பயாப்ஸியில் மலக்குடலிலிருந்து வந்ததுதான் என்று வந்தது, வெட்டிய ஓரங்கள் சுத்தம். ஐந்தாம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். சிஇஏ 2.0. கீமோ கொஞ்சம் ஓடிக்கொண்டிருக்கிறது, விரல் மரத்துப்போவதால் ஊசி பிடிக்க முடியவில்லை என்று புலம்புகிறார். மூன்று மாதத்துக்கு ஒரு தடவை செக்கப் சுற்று முதலிலிருந்து மறுபடியும்.

லார்ஸுக்கு ஃபிசியோ போகிறார். ஆறு தடவை மூன்றாகக் குறைந்திருக்கிறது.

டாக்டர் எங்களையும் விடவில்லை. கூடப்பிறந்தவர்களும் பிள்ளைகளும் 40 வயதில் கொலோனோஸ்கோபி செய்துகொள்ள வேண்டுமாம். எனக்கு 34, நேரம் இருக்கிறது. அண்ணனுக்கு 41. நாளைக் காலை அவனுக்கு. குடல் சுத்தம் செய்யும் மருந்தை மதியத்திலிருந்து குடித்துக்கொண்டிருக்கிறான். குடிசைக்குப் பதிலாகக் கிடைத்த எங்கள் எஸ்ஆர்ஏ வீட்டில் ஒரே கக்கூஸ். அப்பா வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்துகொண்டு, எலுமிச்சை பிழிந்து குடி, ஒரேயடியாக விழுங்காதே, துடைக்காதே தண்ணீர் ஊற்று, தேங்காயெண்ணெய் தடவு என்று உள்ளே இருப்பவனுக்கு வரிசையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார். அண்ணன் கத்துகிறான். அப்பாவுக்கு ஏகப்பட்ட சந்தோஷம்.